ஆல்பர்ட் சதுக்கத்தில் ஒலிம்பிக் ஜோதி

சின்னத்திரைத் தொழிற்கூடம் – 11

2012 ஜூலை 23, திங்கட்கிழமை. பிபிசி ஒன் அலைவரிசையில் இரவு 8 மணிக்கு ஒளிபரப்பான 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நெடுந்தொடரின் அரை மணி நேர எபிசோடில் பெரும்பகுதி முன்பே படமாக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதி மட்டும் அந்த நேரத்திலேயே நடிக்கப்பட்டு, நடிக்க நடிக்கவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரலைப் பகுதியில், பில்லி மிட்செல் என்ற கதாபாத்திரம் ஒலிம்பிக் ஜோதியை ஏந்திக் கதையின் தெருக்கள் வழியாகச் சென்றார். லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன.

முழு எபிசோடையும் நேரலையாக நடத்துவது சாகசம். முழுவதையும் பதிவு செய்து வைப்பது அன்றாட வேலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாதி நேரலையில்தான் தயாரிப்பாளர் மிகக் கவனமாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எதை இப்போதே காட்ட வேண்டும், எதை முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதே அந்த முடிவு. விளையாட்டுத் திருவிழா ஒன்றைச் சுற்றி எபிசோட் அமைந்தால், விடையில் பாதியை விழாவே சொல்லிவிடும். மீதியைக் கதை சொல்ல வேண்டும்.

நேரலையில் வளர்ந்த வகை

நெடுந்தொடர் என்ற வகை தொலைக்காட்சியில் வேரூன்றியதே நேரலையாகத்தான். அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் 1956 ஏப்ரல் 2 அன்று 'ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ்', 'தி எட்ஜ் ஆஃப் நைட்' என்ற இரு தொடர்களை ஒரே நாளில் தொடங்கியது. வாரநாட்களில் தினமும் அரை மணி நேரம், நடிகர்கள் ஸ்டுடியோவில் நடிக்க, அது அப்படியே ஒளிபரப்பானது. 1975 வரை இந்த இரு தொடர்களும் பெரும்பாலும் நேரலையாகவே நடந்தன. 1963 நவம்பர் 22 அன்று 'ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ்' நடந்துகொண்டிருந்தபோதுதான், அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியை வால்டர் கிரான்கைட் குறுக்கிட்டு அறிவித்தார்.

பிரிட்டனில் கிரனாடா நிறுவனத்தின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9 அன்று நேரலையாகத் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் அதன் வெள்ளிக்கிழமை எபிசோட் நேரலை. புதன்கிழமை எபிசோட் முன்பதிவு. வீடியோ டேப்பில் பதிவு செய்வதும் வெட்டி ஒட்டுவதும் மலிவாகவும் எளிதாகவும் ஆன பிறகு நேரலையின் தேவை மறைந்தது. தவறு நேர்ந்தால் மறுபடி எடுக்கலாம், வெளிப்புறக் காட்சிகளைச் சேர்க்கலாம், நடிகர்களின் தேதிகளுக்கு ஏற்ப வேலையைப் பிரிக்கலாம் என்ற வசதிகள் எல்லாத் தயாரிப்பாளர்களையும் பதிவின் பக்கம் இழுத்துக்கொண்டன.

1985 பிப்ரவரி 19 அன்று பிபிசியில் தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' பதிவுக் காலத்தின் குழந்தை. ஜூலியா ஸ்மித், டோனி ஹாலண்ட் இருவரும் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தொடர், தன் 25ஆவது பிறந்தநாளான 2010 பிப்ரவரி 19 அன்றுதான் முதன்முறையாக முழு எபிசோடையும் நேரலையாக நடத்தியது. ஆர்ச்சி மிட்செலைக் கொன்றது யார் என்ற புதிருக்கு அன்று விடை கிடைத்தது. 1.6 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். கொலையாளியின் பெயர் கடைசி நிமிடம் வரை ரகசியமாகக் காக்கப்பட்டதால், அந்த ரகசியம் உடையும் நொடியை நாடு முழுவதும் ஒரே சமயத்தில் காண நேரலை துணைநின்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஜோதி எபிசோடின் தேவை வேறு. அங்கே உடைக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. யார் ஜோதியை ஏந்துவார் என்பது முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. நாட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒரு கொண்டாட்டத்தில் கற்பனைத் தெரு ஒன்றும் அதே நேரத்தில் பங்கெடுக்கிறது என்று காட்டுவதே நோக்கம். அதற்கு அரை மணி நேரமும் நேரலை தேவையில்லை; சில நிமிடங்கள் போதும்.

கற்பனை வட்டாரமும் உண்மை ஓட்டமும்

'ஈஸ்ட்எண்டர்ஸ்' கதை நடக்கும் வால்ஃபோர்டு, லண்டனின் கிழக்குப் பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட வட்டாரம். வால்தம்ஸ்டோ, ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற இரு உண்மையான இடங்களின் பெயர்களிலிருந்து பிறந்த பெயர் அது. கதையின் மையமான ஆல்பர்ட் சதுக்கத்துக்கு டால்ஸ்டனில் உள்ள ஃபாசெட் சதுக்கம் முன்மாதிரி. லண்டன் பாதாள ரயில் வரைபடத்தில் பிராம்லி-பை-போ நிலையம் இருக்கும் இடத்தில், தொடரின் வரைபடம் வால்ஃபோர்டு ஈஸ்ட் நிலையத்தைக் காட்டும்.

2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு 2012 போட்டிகளை லண்டனுக்கு அளித்தபோது, ஒலிம்பிக் பூங்காவுக்குக் குறிக்கப்பட்ட இடம் இதே கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு. தொடரில் வால்ஃபோர்டின் அஞ்சல் குறியீடு தொடக்கம் முதலே 'இ20'. உண்மையில் அப்படி ஒரு குறியீடு அப்போது இல்லை. 2011இல் பிரிட்டன் அஞ்சல் துறை ஒலிம்பிக் பூங்காவுக்கு அதே 'இ20' குறியீட்டை வழங்கியது. கால் நூற்றாண்டாகக் கற்பனையில் மட்டும் இருந்த முகவரி, உலகம் வந்து கூடும் இடத்தின் முகவரியாக ஆனது. ஒலிம்பிக் கிழக்கு லண்டனுக்கு வரும்போது வால்ஃபோர்டு வாய்மூடி இருந்தால், தொடரின் மீது பார்வையாளர் வைத்த நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் எபிசோட் கிறிஸ்துமஸ் அன்றே வருவது போல, பிரிட்டிஷ் நெடுந்தொடர்களில் கதையின் நாளும் ஒளிபரப்பின் நாளும் பொதுவாக ஒன்றாகவே நகரும். எனவே ஜோதி எப்போது வால்ஃபோர்டுக்கு வரும் என்பதை உண்மையான ஜோதி ஓட்டத்தின் நாட்காட்டியோடு பொருத்த வேண்டியிருந்தது. 2012 மே 10 அன்று கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் ஏற்றப்பட்ட ஜோதி, மே 19 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து புறப்பட்டது. 70 நாட்கள், சுமார் 8,000 மைல்கள், சுமார் 8,000 பேர். ஒருவருக்குச் சராசரியாக 300 மீட்டர் தூரம். ஜூலை 20 அன்று லண்டனை வந்தடைந்த ஜோதி, 21ஆம் தேதி சனிக்கிழமை கிரீனிச், நியூஹாம், டவர் ஹேம்லெட்ஸ், ஹாக்னி, வால்தம் ஃபாரஸ்ட் ஆகிய கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் சுற்றியது. சனி, ஞாயிறுகளில் தொடருக்கு எபிசோட் கிடையாது. ஜோதி கிழக்கு லண்டனைத் தொட்ட பிறகு வந்த முதல் ஒளிபரப்பு நாள் 23ஆம் தேதி திங்கட்கிழமை. உண்மையான ஓட்டம் அன்று லூயிஷமில் தொடங்கி வாண்ட்ஸ்வொர்த் நோக்கித் தென் லண்டனில் நடந்தது. கதையின் ஓட்டம் அன்று மாலை வால்ஃபோர்டில் நடந்தது.

ஜோதியை யார் கையில் கொடுப்பது?

விழாவைக் கதைக்குள் கொண்டுவரும் தயாரிப்பாளர் முதலில் தேட வேண்டியது கேமராவையோ கூட்டத்தையோ அல்ல, பொருத்தமான கதாபாத்திரத்தை. பொருத்தம் தவறினால் எபிசோட் செய்திப் படமாகச் சுருங்கிவிடும்.

பில்லி மிட்செல், 1998 முதல் தொடரில் இருப்பவர். பெர்ரி ஃபென்விக் ஏற்று நடிக்கும் பாத்திரம். ஃபில், கிரான்ட் போன்ற முரட்டு ஆண்களின் குடும்பமான மிட்செல் குடும்பத்தில் எப்போதும் தோற்றுப்போகிறவர் பில்லி. பராமரிப்பு இல்லத்தில் அடி உதை பட்டு வளர்ந்த குழந்தைப் பருவம், நிலைக்காத வேலைகள், கையில் தங்காத பணம், யாரும் மதிக்காத பேச்சு என்று போகும் வாழ்க்கை. ஊரார் பரிந்துரைத்த எளிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில் ஜோதி ஏந்தியதே லண்டன் ஓட்டத்தின் பெருமை. அப்படிப்பட்ட ஓட்டத்தில் வால்ஃபோர்டின் சார்பாக ஓடத் தகுந்தவர் பில்லியைவிட வேறு யாரும் இல்லை. வெற்றியே காணாத ஒருவர் 300 மீட்டர் தூரத்துக்கு ஊரே கைதட்ட நடப்பது, எந்த வசனமும் இல்லாமலே கதையாகிவிடுகிறது.

அதற்கு எதிர்விசையாக நின்றவர் லோலா பியர்ஸ். 2011இல் தொடருக்கு வந்த டேனியல் ஹெரால்டு நடித்த இந்தப் பாத்திரம், பில்லியின் பேத்தி. தாத்தாவைப் போலவே பராமரிப்பு இல்லத்தின் நிழலில் வளர்ந்தவள். பதின்ம வயதிலேயே கருவுற்றவள். ஜோதி வரும் நாளிலேயே அவளுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. லெக்ஸி என்ற பெண் குழந்தை பிறக்கிறது. பில்லியின் வாழ்வில் ஊர் தரும் பெருமையும் குடும்பம் கேட்கும் கடமையும் ஒரே நாளில் வந்து மோதுகின்றன. ஜோதி ஓட்டத்துக்கு நேரம் குறித்தாயிற்று. அது யாருக்காகவும் நிற்காது. பிரசவத்துக்கு யாராலும் நேரம் குறிக்க முடியாது, அதுவும் நிற்காது. விழாவின் கடிகாரத்தோடு உடலின் கடிகாரத்தைப் போட்டியிட வைத்த இந்த அமைப்புதான் எபிசோடின் எலும்புக்கூடு.

லெக்ஸி அந்த எபிசோடோடு மறைந்துவிடும் பாத்திரமும் அல்ல. விழா நாளில் பிறந்த குழந்தை பின்னர் பல ஆண்டுகள் கதையை நகர்த்தும் உறவுகளுக்குக் காரணமாகிறது. சிறப்பு எபிசோடை எழுதும்போது நெடுந்தொடர் எழுத்தாளர் மறக்கக் கூடாத விதி இது: விழா முடிந்த மறுநாள், தொடருக்கு எடுத்துச் செல்ல ஏதாவது மிஞ்ச வேண்டும்.

எது நேரலை, எது பதிவு

வழக்கமான நாட்களில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' காட்சிகள் ஒளிபரப்புக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே எடுக்கப்படும். கதைக் கூட்டங்களும் திரைக்கதை வரைவுகளும் அதற்கும் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு வாரத்து எபிசோட்களை ஓர் இயக்குநர் மொத்தமாக எடுப்பார். காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை; ஒரு வீட்டின் உட்புறம் என்றால் நான்கு எபிசோட்களிலும் அந்த வீட்டில் வரும் காட்சிகளைச் சேர்த்தே முடித்துவிடுவார்கள். பல கேமராக்கள் ஒரே சமயத்தில் இயங்குவதால் வேலை வேகமாக நடக்கும்.

இந்த இயந்திரத்துக்குள் ஒரு நேரலைத் துண்டைச் செருகும்போது முதல் கேள்வி, எந்தக் காட்சி நிகழ்காலத்தைக் கோருகிறது என்பது. ஜோதி தெருவில் வரும் காட்சி கோருகிறது. பார்வையாளர் அதே வாரத்தில் தன் தெருவில் பார்த்த நிகழ்ச்சி அது. சமையலறைச் சண்டை கோரவில்லை. பிரசவக் காட்சி கோரவில்லை என்பதோடு, நேரலைக்கு ஏற்றதும் இல்லை. கைக்குழந்தையைக் கேமரா முன் கொண்டுவர உள்ளாட்சி அமைப்பின் உரிமம், கால வரம்பு, உடனிருக்கும் பாதுகாவலர் என்று பிரிட்டனில் கடுமையான விதிகள் உண்டு. மேலும் பிரசவக் காட்சியின் உண்மைத்தன்மை நெருக்கக் காட்சிகளை வெட்டி அடுக்கும் எடிட்டிங்கில்தான் உருவாகிறது. எது நிகழ்கிறதோ அதை நேரலையாக்கு, எது கட்டமைக்கப்படுகிறதோ அதைப் பதிவு செய் என்பதே இதன் சுருக்கம்.

இரண்டாவது கேள்வி, தையல் தெரியாமல் இருப்பது. பல நாட்கள் முன்பு எடுத்த காட்சியிலிருந்து நேரலைக்கு மாறும் நொடியில் முடி, உடை, ஒப்பனை, கையில் பிடித்த கோப்பை, தெருவில் தொங்கும் தோரணம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். கன்டினியூட்டி பார்ப்பவரின் புகைப்படங்களும் குறிப்புகளும் இங்கே உயிர்நாடி. ஒரு நடிகர் இடைப்பட்ட வாரங்களில் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வெயிலில் கறுத்துவிடவும் கூடாது.

அவை எல்லாவற்றையும்விட முரண்டு பிடிப்பது வெளிச்சம். ஜூலை கடைசி வாரத்தில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிவிடும். எனவே 8 மணி எபிசோடின் தெருக் காட்சி பகல் வெளிச்சத்தில்தான் நடக்கும், ஆனால் அது சாய்ந்த வெளிச்சம், நிழல்கள் நீண்டிருக்கும். முன்பதிவு செய்யும் வெளிப்புறக் காட்சிகளை நண்பகலில் எடுத்துவிட்டால் நிழலே காட்டிக்கொடுத்துவிடும். மழையையோ வெயிலையோ முன்கூட்டி நிச்சயிக்க முடியாது என்பதால், நேரலைக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரும் பதிவுக் காட்சிகளைக் கூடியவரை உட்புறங்களில் வைப்பது நல்ல வழி. கதவைத் திறந்து வெளியே வரும் நொடியில் வானிலை எதுவாக இருந்தாலும் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார்.

ஆல்பர்ட் சதுக்கம் லண்டனில் இல்லை. ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தின் போர்ஹம்வுட்டில், 1984இல் பிபிசி வாங்கிய எல்ஸ்ட்ரீ வளாகத்தில், வெட்டவெளியில் நிற்கும் செட் அது. வீடுகளுக்கு முகப்பு மட்டும் உண்டு. உட்புறங்கள் ஸ்டுடியோக்களுக்குள் தனியே இருக்கும். தெருவிலிருந்து ஒருவர் வீட்டுக்குள் நுழைவதை ஒரே மூச்சில் நேரலையாகக் காட்டுவது இந்த அமைப்பில் எளிதல்ல. நுழைந்த நடிகர் ஸ்டுடியோவுக்கு ஓடிச்சென்று சேரும் வரை இடையில் வேறு காட்சி ஓட வேண்டும். பாதி நேரலை எபிசோடில் அந்த இடைவெளியைப் பதிவுக் காட்சி நிரப்பிவிடுகிறது. முழு நேரலைக்குக் கிடைக்காத வசதி இது.

கன்ட்ரோல் ரூமின் கணக்கு

பிபிசியில் விளம்பர இடைவேளை கிடையாது. ஐடிவியின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' நேரலைக்குப் போகும்போது, இடைவேளையில் நடிகர்கள் இடம் மாறலாம், கேமராக்களை நகர்த்தலாம், நீண்டுபோன நேரத்தைச் சரிக்கட்டவும் வழி பிறக்கும். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' எபிசோடின் ஏறத்தாழ 28 நிமிடங்களும் மூச்சுவிடாமல் ஓடும். எபிசோட் முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கியாக வேண்டும்.

பதிவுக் காட்சிகளின் நீளம் நொடிக் கணக்கில் தெரியும். நேரலைத் துண்டின் நீளம் ஒத்திகையில் எடுத்த சராசரி மட்டுமே. நடிகர் உணர்ச்சியில் ஒரு வசனத்தை இழுத்துப் பேசினால் பத்து நொடி போய்விடும். பதற்றத்தில் விரைந்தால் பத்து நொடி மிச்சமாகும். கன்ட்ரோல் ரூமில் தயாரிப்பு உதவியாளர் ஸ்டாப் வாட்ச்சோடு அமர்ந்து, ஓடிய நேரத்தையும் மீதமுள்ள நேரத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அடுத்த ஷாட் எண், கேமரா எண், பதிவுக் காட்சி தொடங்க இன்னும் எத்தனை நொடி என்பதெல்லாம் அவர் குரலில்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும். நேரம் கூடினால் வெட்டுவதற்கென்று சில வசனங்கள் திரைக்கதையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பின்னால் வரும் ஒரு பதிவுக் காட்சியை நீளமாக ஒன்று, குறுக்கலாக ஒன்று என இரண்டு வடிவங்களில் தயாராக வைத்திருப்பதும் வழக்கமான உபாயம்.

இயக்குநரின் கட்டளையை விஷன் மிக்சர் பொத்தானில் நிறைவேற்றுகிறார். களத்தில் ஃப்ளோர் மேனேஜர் காதில் டாக்பேக் கருவியோடு நின்று, விரல்களால் எண்ணி நடிகருக்குச் சைகை தருகிறார். கேமராமேன் ஒவ்வொருவரும் தமக்கான ஷாட்களை மட்டும் வரிசையாக எழுதிய அட்டையைக் கேமராவில் மாட்டியிருப்பார்கள். பதிவு நாளில் இந்த அட்டை வசதிக்காக; நேரலையில் அதுவே சட்டம். ஒரு கேமரா தன் இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்தால் மற்றொரு கேமராவின் சட்டகத்துக்குள் வந்துவிடும்.

தெருவில் ஓடும் ஒருவரைத் தொடர்வது இந்த வேலையின் கடினமான பகுதி. தோளில் தாங்கும் கேமரா முன்னால் பின்னோக்கி நகர வேண்டும்; உயரத்தில் ஒரு கிரேன் கேமரா கூட்டத்தையும் தெருவையும் சேர்த்துக் காட்ட வேண்டும்; ஓரத்தில் நிற்கும் கேமராக்கள் முகங்களைப் பிடிக்க வேண்டும். ஒலி இன்னொரு தலைவலி. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே முக்கிய நடிகரின் மெல்லிய குரல் கேட்க வேண்டும். பதிவில் என்றால் கூட்டத்தை வாயசைக்க மட்டும் சொல்லிவிட்டு ஆரவாரத்தைப் பின்னர் சேர்ப்பார்கள். நேரலையில் கூட்டம் உண்மையாகவே கத்தும். எனவே வசனத்தை ஆரவாரம் அடங்கும் இடைவெளிகளில் வைத்தே எழுத வேண்டும். துணை நடிகர்களுக்கும் அதே கடும் ஒத்திகை தேவை. எந்தச் சைகைக்குக் கத்த வேண்டும், எதற்கு அடங்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

விழாவின் விதிகள்

கற்பனைத் தெருவுக்குள் நுழையும் உண்மை நிகழ்ச்சி தன் விதிகளையும் உடன் கொண்டுவரும். எட்வர்ட் பார்பர், ஜே ஆஸ்கர்பி இருவரும் வடிவமைத்த லண்டன் தீவட்டி முக்கோண வடிவம் கொண்டது. 800 மில்லிமீட்டர் உயரம், 800 கிராம் எடை, பொன்னிற அலுமினியக் கலவை, ஜோதி ஏந்துவோரைக் குறிக்கும் 8,000 துளைகள். ஏந்துவோரின் சீருடை வெள்ளையும் பொன்னிறமும். சாம்பல் நிற உடையில் லண்டன் மாநகரக் காவலர்கள் உடன் ஓடுவார்கள். 70 நாட்களாக நாடே பார்த்துப் பழகிய காட்சி இது. ஒரு நிறம் மாறினாலும், ஒரு காவலர் குறைந்தாலும் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். கற்பனைக் காட்சியில் கலை இயக்குநருக்குச் சுதந்திரம் உண்டு; ஊரே அறிந்த சடங்கில் அது கிடையாது.

லண்டன் ஜோதி ஓட்டத்துக்குக் கோக-கோலா, லாயிட்ஸ் டிஎஸ்பி, சாம்சங் ஆகியவை புரவலர்கள். அவற்றின் வண்டிகள் ஓட்டத்தின் ஊர்வலத்தில் வருவது வழக்கம். பிபிசியோ பணம் பெற்றுக்கொண்டு பொருட்களை நாடகத்தில் காட்டுவதில்லை என்ற கொள்கை உடையது. விழாவை அப்படியே காட்ட வேண்டும் என்ற ஆசையும், வணிகச் சின்னங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற கடமையும் இத்தகைய எபிசோடில் எதிரெதிரே நிற்கும். கேமராவின் கோணங்களைத் தீர்மானிக்கும்போதே இதற்கும் விடை கண்டாக வேண்டும். நேரலையில் மங்கலாக்கவோ வெட்டவோ நேரமில்லை.

நெருப்பு இன்னொரு நிச்சயமின்மை. 2012 மே 21 அன்று டெவன் மாவட்டத்தின் கிரேட் டோரிங்டனில், எரிகலன் பழுதானதால் ஓட்டத்தின் நடுவே தீவட்டி அணைந்தது. உடன் வந்த விளக்கில் பாதுகாக்கப்பட்ட மூலச் சுடரிலிருந்து மறுபடி ஏற்றி ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஒலிம்பிக் ஏற்பாட்டாளர்களே மாற்றுச் சுடரைக் கூடவே கொண்டுசென்ற ஒரு நிகழ்ச்சியை நேரலை நாடகத்தில் வைக்கும்போது, சுடர் அணைந்தால் என்ன, காற்று அடித்தால் என்ன, மழை கொட்டினால் என்ன என்ற ஒவ்வொரு கேள்விக்கும் நடிகருக்கு ஒரு வசனமும் இயக்குநருக்கு ஒரு ஷாட்டும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

தவறுகளுக்கான இடம்

நேரலைக்கு முன் கடைசி முழு ஒத்திகையைப் பதிவு செய்து வைப்பது பல தயாரிப்புகளின் வழக்கம். மின்சாரம் போனாலோ யாருக்காவது அடிபட்டாலோ அந்தப் பதிவு கைகொடுக்கும். பாதி நேரலையில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆபத்து ஏற்பட்டால் அடுத்த பதிவுக் காட்சிக்கு உடனே தாவிவிடலாம். முழு நேரலையில் தாவுவதற்குக் கரையே இல்லை.

சிறு தவறுகளைத் தடுக்க முடியாது. 2015 பிப்ரவரியில், தன் 30ஆவது ஆண்டு நிறைவு வாரத்தில், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' இதே பாதி நேரலை முறையை விரிவாகக் கையாண்டது. வார எபிசோட்களில் நேரலைத் துண்டுகளைச் செருகி, 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை முழு எபிசோடையும் நேரலையாக நடத்தியது. லூசி பீலைக் கொன்றது அவளுடைய தம்பி பாபி என்ற விடை அந்த வாரத்தில் வெளியானது. அதே வாரத்தின் ஒரு நேரலைத் துண்டில், டான்யாவாக நடித்த ஜோ ஜாய்னர், இயன் பீலைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் அந்தப் பாத்திரத்தில் நடிக்கும் ஆடம் உட்யட்டின் பெயரான ஆடம் என்பதைச் சொல்லிவிட்டார். காட்சி நிற்கவில்லை, உடன் நடித்தவர்கள் அசையாமல் தொடர்ந்தார்கள். பார்வையாளர்கள் அதை அன்போடு பேசித் தீர்த்தார்கள். நேரலை நடிகருக்கு வேண்டிய முதல் பயிற்சி, தவறு நேர்ந்த பின் முகம் மாறாமல் இருப்பது.

விழாவைப் பற்றிய எபிசோடுக்கு நேரலை ஒன்றே வழி என்று கருதவும் தேவையில்லை. ஒளிபரப்பு நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ ஒரு சிறு காட்சியைப் புதிதாக எடுத்து, முடிந்த எபிசோடில் செருகுவது எளிய மாற்று. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது 'ஈஸ்ட்எண்டர்ஸ்' மறுநாள் எபிசோடில் அந்தச் செய்தியைப் பேசும் காட்சியை அப்படித்தான் சேர்த்தது. ஒரு போட்டியின் முடிவு, ஒரு தேர்தலின் விளைவு போன்று முன்கூட்டி அறிய முடியாத, ஆனால் ஓரிரு வசனங்களில் அடங்கிவிடும் செய்திகளுக்கு இந்த முறை போதும். நாளும் நேரமும் முன்பே தெரிந்த, ஊரே கூடிக் கண்ணால் காணும் கொண்டாட்டத்துக்குத்தான் நேரலைத் துண்டு பொருந்தும்.

பாதி நேரலை தரும் பலன்

2010இன் முழு நேரலையும் 2012இன் ஜோதி எபிசோடும் 2015இன் கலப்பு வாரமும் சேர்ந்து பிரிட்டிஷ் நெடுந்தொடரின் நேரலை இலக்கணத்தை வகுத்தன. ரகசியம் உடைய வேண்டுமானால் முழு நேரலை வலிமை தரும். கதை பல தளங்களில் நகர வேண்டுமானால், குழந்தை, நெருப்பு, கூட்டம் எல்லாம் ஒரே எபிசோடில் வேண்டுமானால், பதிவின் துணையோடு வரும் பாதி நேரலையே நடைமுறைக்கு உகந்தது. செலவும் குறைவு, ஒத்திகை நாட்களும் குறைவு, தொடரின் அன்றாடப் படப்பிடிப்பை முழுதாக நிறுத்த வேண்டியதும் இல்லை.

அதன் வெற்றியை அளக்கும் கோல் ஒன்றே. நேரலை என்ற அறிவிப்பை அறியாத ஒருவர் அந்த எபிசோடைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும், ஜோதி வரும் காட்சி அவரை அசைக்க வேண்டும். நேரலை என்பதால் கிடைக்கும் பதைப்பு அன்றிரவோடு தீர்ந்துவிடும். பேத்தியின் வலிக்கும் ஊரின் கைதட்டலுக்கும் நடுவில் தவிக்கும் ஒரு எளிய மனிதரின் கதை அப்படித் தீர்ந்துவிடாது. விழா தன் நேரத்தை நாடகத்துக்கு இரவல் தருகிறது. அந்த நேரத்தில் நிற்பதற்குத் தகுதியான ஒரு மனிதரை நாடகம் பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகப் பில்லி மிட்செலை எழுதி வந்தவர்களின் உழைப்பு, அந்தச் சில நிமிட நேரலைக்குச் செய்யப்பட்ட மிக நீண்ட ஏற்பாடு.

(தொடரும்)